நம்பிக்கைக்குச் செம்புத் தகடு

துளியும் சந்தேகப்பட வேண்டாத உத்தரவாதத்தை ஆங்கிலத்தில் 'காப்பர் பாட்டம்டு' என்பார்கள். அடியில் செம்பு அறைந்தது என்று பொருள். செம்பு அடி வைத்த எவர்சில்வர் பாத்திரம் நம் சமையலறைகளில் புழங்குவதால், சொல்லும் அங்கே பிறந்ததாகத் தோன்றலாம். எவர்சில்வரோ 20-ஆம் நூற்றாண்டுச் சரக்கு; சொல் 18-ஆம் நூற்றாண்டுப் பாய்மரக் கப்பலுடையது. வெப்பக் கடல்களில் மரக்கப்பலுக்குப் பெரும் பகை கப்பல் புழு. பெயர்தான் புழு, உண்மையில் சிப்பி இனம். தலைப்பக்கத்து இரண்டு சிறு ஓடுகளால் மரத்தை ராவிக்கொண்டே உள்ளே போகும். வெளியே குண்டூசித் தலையளவு துளைதான் தெரியும். பலகையைப் பிளந்தால் விரல் பருமனில் வளைகள் ஓடியிருக்கும். போதாக்குறைக்குப் பாசியும் கொட்டலசும் ஒட்டிக் கப்பலின் வேகத்தைக் குறைத்துவிடும்.

1761-இல் பிரிட்டிஷ் கடற்படை, 32 பீரங்கிகள் கொண்ட 'அலாரம்' கப்பலின் அடியில் மெல்லிய செம்புத் தகடு அறைந்து மேற்கிந்தியத் தீவுகளுக்கு அனுப்பியது. திரும்பி வந்தபோது பலகையில் புழு இல்லை. ஆனால் இரும்பு ஆணிகள் பல இற்றுப்போயிருந்தன. கடல்நீரில் செம்பும் இரும்பும் தொட்டுக்கொண்டால் அது ஒரு மின்கலம் ஆகிவிடும். அதில் கரைவது இரும்புதான். சில ஆணிகள் மட்டும் தப்பியிருந்தன. தகட்டைச் சுற்றி வந்த பழுப்புத் தாள் அங்கே கிழியாமல், இரண்டு உலோகங்களுக்கும் நடுவில் ஒட்டிக் கிடந்தது! இவ்வளவு தெளிவான சாட்சி இருந்தும், 1779-க்குப் பின் போர் அவசரத்தில் இரும்பு ஆணிகளை மாற்றாமலேயே கப்பல் கப்பலாகத் தகடு அறைந்தார்கள்; தாளை நடுவே வைத்தும் ஆணிகள் அரித்தன. 1780-களில் செம்பிலேயே வலுவான ஆணி செய்யும் வழி பிடிபட்ட பிறகே அடிப்புறத்தை நம்ப முடிந்தது. ஆகவே, இந்தச் சொல்லுக்குள்ள மதிப்பைத் தகடு மட்டும் சம்பாதிக்கவில்லை, ஆணியும் சேர்ந்தே சம்பாதித்தது என்பேன்.

செம்பு கெட்டி, புழுவால் துளைக்க முடியாது, அதுவே போதாதா என்று கேட்கலாம். ஈயத் தகடும் புழுவைத் தடுத்தது, பாசியைத் தடுக்கவில்லை. செம்பு அரிக்காதிருக்க அதனோடு இரும்புத் துண்டுகளை இணைக்கலாம் என்று 1824-இல் வேதியியலாளர் ஹம்ப்ரி டேவி காட்டினார். செம்பு பிழைத்தது, கொட்டலசு வந்து மொய்த்தது. காரணம், செம்பு சிறிது சிறிதாகக் கரைந்து கசியவிடும் நஞ்சுதான் அவற்றை அண்டவிடாமல் வைத்திருந்தது. நம்பகத்தைக் குறிக்கும் சொல்லாக 'காப்பர் பாட்டம்டு' ஊன்றிவிட்ட 19-ஆம் நூற்றாண்டிலும், கப்பல் துறைகளில் தேய்ந்த தகடுகளைப் பெயர்த்துப் புதியவற்றை அறையும் வேலை நடந்துகொண்டேதான் இருந்தது.