இரட்டையர் ஆட்டக்காரி கிரேசியா போலீ

நம்ம சுவரிதழில் விளையாட்டுப் பகுதி என்றாலே பெரும்பாலும் கிரிக்கெட்தான் வரும். இந்தத் தடவை இறகுப்பந்து பற்றி எழுதுகிறேன். அதிலும் ஒற்றையர் இல்லை, இரட்டையர். சாய்னா, சிந்து பேரு எல்லாருக்கும் தெரியும். ஆனா இரட்டையர் ஆடுற ஒரு பெண்ணோட பேரைச் சொல்லுங்கன்னு எங்க வகுப்புல கேட்டுப் பார்த்தேன். ஒருத்தரும் வாய் திறக்கலை. அதனாலதான் இந்தக் கட்டுரை.

முதலில் ஒரு விளக்கம். மஞ்சள் கம்பளிப் பந்தை வைத்துப் பக்கத்துக்கு ஐந்து பேராக நாம் ஆடுவது பூப்பந்து. நான் சொல்வது அது இல்லை. பதினாறு இறகு வைத்த பந்து, அதாவது ஷட்டில். இதன் ஆடுகளம் 13.40 மீட்டர் நீளம். ஒற்றையர் ஆட்டத்துக்கு அகலம் 5.18 மீட்டர். இரட்டையருக்கு 6.10 மீட்டர். கழித்துப் பாருங்கள், 92 சென்டிமீட்டர்தான் கூடுதல். ஆள் இரண்டு மடங்கு ஆகிறது, இடமோ ஒரு மீட்டர்கூடக் கூடவில்லை! அதனால் காலி இடம் குறைவு, பந்து மின்னல் மாதிரி திரும்பி வரும். அடிக்கும்போது ஒருத்தர் பின்னாலும் ஒருத்தர் வலை பக்கத்திலும் நிற்பார்கள். எதிராளி அடிக்கும்போது இரண்டு பேரும் சட்டென்று பக்கத்துப் பக்கத்தில் வந்துவிட வேண்டும். யாரும் சொல்லிக்கொண்டு இருக்க நேரம் இல்லை. ஒரு உரலில் இரண்டு பேர் உலக்கை போடுவதைப் பார்த்திருக்கிறீர்களா? ஒரு உலக்கை ஏறும்போது மற்றது இறங்கும், இடிக்காது. அது மாதிரிதான்.

இதில் பெரிய சிக்கல் நடுவில் விழுகிற பந்து. அது யாருடையது? நாம் ஆடும்போது இரண்டு பேரும் சும்மா நின்றுவிட்டு, "உன்னாலதான் தோத்தோம்" என்று சண்டை போடுவோம். அந்த வார்த்தையைச் சொல்லாமலே இருபது வருடம் ஆட முடியுமா என்பதுதான் இரட்டையர் ஆட்டக்காரியின் வாழ்க்கை என்று எனக்குத் தோன்றுகிறது.

அப்படி ஆடியவர்தான் இந்தோனேசியாவின் கிரேசியா போலீ.

இந்தோனேசியாவில் இறகுப்பந்து என்றால் நம்ம ஊரில் கிரிக்கெட் மாதிரி. 1992-ல் பார்சிலோனா ஒலிம்பிக்கில் முதல் முதலாக இறகுப்பந்துக்குப் பதக்கம் கொடுத்தார்கள். அதில் பெண்கள் ஒற்றையரில் சுசி சுசாந்தியும், ஆண்கள் ஒற்றையரில் ஆலன் புடிகுசுமாவும் தங்கம் வாங்கினார்கள். இரண்டு பேரும் இந்தோனேசியா. பிறகு இருவரும் திருமணமும் செய்துகொண்டார்கள். ஆண்கள் இரட்டையர், கலப்பு இரட்டையர் தங்கம்கூடப் பின்னால் வந்துவிட்டது. பெண்கள் இரட்டையர் தங்கம் மட்டும் வரவே இல்லை.

கிரேசியா 1987 ஆகஸ்ட் 11-ல் ஜகார்த்தாவில் பிறந்தார். சின்ன வயதிலேயே அப்பா இறந்துவிட்டார். சுலவேசித் தீவில் உள்ள மனாடோவில் வளர்ந்து, இறகுப்பந்துக்காக அம்மாவோடு மறுபடி ஜகார்த்தா வந்து ஒரு சங்கத்தில் சேர்ந்தார். முதலில் ஒற்றையர்தான் ஆடினார். பதினான்கு வயதில், நீ இரட்டையருக்குத்தான் பொருத்தம் என்று பயிற்சியாளர் மாற்றிவிட்டார். பதினான்கு வயது, அதாவது இப்போ என் வயசு. எனக்கு அப்படிச் சொன்னால் கோபம்தான் வரும். தனியா ஆட லாயக்கில்லைன்னு சொல்ற மாதிரி இருக்கும். ஆனா விஷயம் அப்படி இல்லையாம். வலைக்குப் பக்கத்தில் கை வேகம், அடுத்த பந்து எங்கே வரும் என்று முன்கூட்டியே தெரியும் கண், கூட ஆடுபவர் எங்கே நிற்கிறார் என்று திரும்பிப் பார்க்காமலே உணர்வது, இதெல்லாம் தனித் திறமை. ஒற்றையர் ஆட்டக்காரி எல்லாருக்கும் அது வராது.

இன்னொரு விஷயம் எனக்கு முன்பு தெரியாது. உலகத் தரவரிசைப் புள்ளி இரட்டையரில் ஜோடிக்குத்தான், ஆளுக்கு இல்லை. நீங்கள் ஒருவரோடு ஐந்து வருடம் ஆடி உலகத்தில் இரண்டாவது இடத்துக்கு வந்திருக்கலாம். அவருக்கு முழங்கால் போய்விட்டால், புது ஜோடியோடு அடியில் இருந்துதான் ஏற வேண்டும். ஒலிம்பிக் போவதும் அந்த ஜோடித் தரவரிசையை வைத்துத்தான். பரிசுப் பணமும் இரண்டாகப் பிரியும். (பதக்கம் மட்டும் பிரியாது. ஆளுக்கு ஒரு முழுப் பதக்கம். எங்க வகுப்பில் ஒருத்தி, பாதி பாதியா வெட்டிக் கொடுப்பாங்களான்னு கேட்டாள்!)

கிரேசியா பல பேரோடு ஆடினார். ஜோ நோவிதா, வீத்தா மரிசா, மெய்லியானா ஜவ்ஹரி, நித்யா கிருஷிந்தா மகேஸ்வரி, கடைசியில் அப்ரியானி ரஹாயு. நித்யா மகேஸ்வரி என்ற பேரைப் பார்த்து நம்ம ஊர்ப் பெண் என்று நினைத்துவிடாதீர்கள். அங்கே இந்த மாதிரிப் பெயர்கள் சகஜம்.

இனி 2012-க்கு வருவோம். இதை மறைத்துவிட்டுக் கிரேசியாவைப் பற்றி எழுத முடியாது.

லண்டன் ஒலிம்பிக்கில் இறகுப்பந்துக்கு முதன்முறையாகக் குழு முறை வைத்தார்கள். நான்கு ஜோடி ஒரு குழு. முதல் இரண்டு ஜோடி காலிறுதிக்குப் போகும். முதலாவதாக வந்தால் யாரோடு மோதுவது, இரண்டாவதாக வந்தால் யாரோடு மோதுவது என்பதெல்லாம் முன்பே தெரியும். இங்கேதான் ஓட்டை. ஜூலை 31 அன்று சீனாவின் உலக முதல்நிலை ஜோடியும் கொரியாவின் ஒரு ஜோடியும் மோதின. இரண்டுமே காலிறுதிக்கு ஏற்கெனவே தகுதி பெற்றுவிட்டன. ஜெயித்தால் சிரமமான பக்கம் போக வேண்டும். அதனால் இரண்டு ஜோடியும் தோற்பதற்குப் போட்டி போட்டன! சர்வீஸை வேண்டுமென்றே வலையில் அடித்தார்கள். அரங்கத்தில் இருந்த மக்கள் கத்திக் கூச்சல் போட்டார்கள். அதன் பிறகு நடந்த ஆட்டத்தில் கொரியாவின் இன்னொரு ஜோடிக்கு எதிராக கிரேசியாவும் மெய்லியானாவும். அவர்களும் அதையே செய்தார்கள். நடுவர் கறுப்பு அட்டையைக் காட்டி, பிறகு அதைத் திரும்ப எடுத்துக்கொண்டார். ஆனால் மறுநாள் நான்கு ஜோடிகளையும், மொத்தம் எட்டுப் பேரையும், போட்டியை விட்டே வெளியேற்றிவிட்டார்கள். உலகம் முழுக்க இதுதான் செய்தி.

அதே நாட்களில் நம்ம இந்தியாவின் ஜ்வாலா கட்டா, அஸ்வினி பொன்னப்பா ஜோடியும் வேறொரு குழுவில் ஆடிக்கொண்டிருந்தார்கள். 2010-ல் டெல்லி காமன்வெல்த்தில் தங்கம், 2011-ல் லண்டனிலேயே நடந்த உலகப் போட்டியில் வெண்கலம் வாங்கியவர்கள். ஒலிம்பிக்கில் மூன்று ஆட்டத்தில் இரண்டு ஜெயித்தும் காலிறுதிக்குப் போகவில்லை. ஜப்பான் ஜோடியும் இவர்களும் எல்லாவற்றிலும் சமம். புள்ளி வித்தியாசத்தில் ஒரே ஒரு புள்ளி குறைந்துபோனது. ஒரு புள்ளி! ஜப்பான் ஜோடி தன் கடைசி ஆட்டத்தில் தோற்றதை விசாரிக்க வேண்டும் என்று இந்தியா முறையிட்டது. அதை ஏற்கவில்லை. அந்த ஜப்பான் ஜோடிதான் கடைசியில் வெள்ளி வாங்கியது.

தோற்கப் பார்த்த எட்டுப் பேர் செய்தது தப்புதான், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. காசு கொடுத்து உள்ளே வந்து உட்கார்ந்தவர்களை ஏமாற்றியது அது. ஒரு புள்ளிக்காக உயிரைக் கொடுத்து ஆடியவர்களை நினைத்தால் இன்னும் கோபம் வருகிறது. ஆனால் தோற்றால் லாபம் என்று விதியை எழுதி வைத்தவர்களுக்கு யாரும் அட்டை காட்டவில்லையே என்றும் தோன்றுகிறது. அடுத்த ஒலிம்பிக்கில், குழுவில் இரண்டாவதாக வருபவர்கள் யாரோடு மோதுவது என்பதைக் குழு ஆட்டங்கள் முடிந்த பிறகு குலுக்கிப் போட்டு முடிவு செய்தார்கள். அப்படியானால் தப்பு விதியிலும் இருந்தது என்றுதானே அர்த்தம்?

கிரேசியாவுக்கு அப்போது வயது 24. ஆட்டத்தையே விட்டுவிடலாம் என்று இருந்தார். விடவில்லை. நித்யாவோடு மறுபடி சேர்ந்தார். பயிற்சியாளர் எங் ஹியான். இவரும் இரட்டையர் ஆட்டக்காரர்தான், 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் வெண்கலம் வாங்கியவர். 2014-ல் கொரியாவின் இஞ்சியோனில் நடந்த ஆசிய விளையாட்டில் கிரேசியாவும் நித்யாவும் தங்கம் வாங்கினார்கள். 1978-க்குப் பிறகு இந்தோனேசியாவுக்குப் பெண்கள் இரட்டையரில் கிடைத்த முதல் ஆசியத் தங்கம். இறுதியில் அவர்களிடம் தோற்ற ஜப்பானின் மத்சுதோமோ, தகஹாஷி ஜோடிதான் 2016 ரியோ ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கியது. அப்படியென்றால் கிரேசியா ஜோடி எவ்வளவு பலமாக இருந்திருக்கும்! ஆனால் ரியோவில் காலிறுதியில் சீன ஜோடியிடம் தோற்றுவிட்டார்கள். அதோடு நித்யாவுக்கு முழங்கால் அறுவைச் சிகிச்சை. ஜோடி முடிந்தது.

கிரேசியாவுக்கு 29 வயது. நம்ம பக்கம் பத்தாம் வகுப்பு வந்தாலே, பொம்பளைப் பிள்ளைக்கு இனிமே மைதானம் எதுக்கு என்று கேட்பார்கள். 29 வயதில் மறுபடி அடியில் இருந்து தொடங்கு என்றால் யாருக்குத்தான் மனசு வரும்? ஓய்வு பெறலாம் என்றுதான் அவர் நினைத்தார். கொஞ்ச நாள் இருந்து சின்னப் பிள்ளைகளைக் கைதூக்கி விடு என்று பயிற்சியாளர் கேட்டுக்கொண்டார்.

அப்படி 2017-ல் வந்து சேர்ந்தவர்தான் அப்ரியானி ரஹாயு. 1998-ல் பிறந்தவர். கிரேசியாவைவிடப் பதினோரு வயது சின்னவர். தென்கிழக்கு சுலவேசியில் கொனாவே என்ற பகுதி. சிறு வயதில் அப்பா மரத்தில் செய்து கொடுத்த மட்டையில் ஆடிப் பழகியவர். முன்பின் பழக்கம் இல்லாத இந்த அக்கா தங்கை ஜோடி அந்த வருடமே தாய்லாந்து ஓபனையும் பிரெஞ்சு ஓபனையும் ஜெயித்தது. 2018-ல் டெல்லிக்கு வந்து இந்திய ஓபனையும் ஜெயித்துவிட்டுப் போனார்கள். 2018, 2019 இரண்டு வருடமும் உலகப் போட்டியில் வெண்கலம். சின்னப் பிள்ளையைக் கைதூக்கி விட வந்த கிரேசியாவைச் சின்னப் பிள்ளை கைதூக்கி விட்டதா, இல்லை மாற்றியா என்று சொல்வது கஷ்டம்.

டோக்கியோ ஒலிம்பிக் கொரோனாவால் ஒரு வருடம் தள்ளி 2021-ல் நடந்தது. அரங்கத்தில் பார்வையாளர்களே இல்லை. போட்டியில் முதல் நான்கு இடத்துக்குத் தரம் பிரிக்கப்பட்ட ஜோடிகளில் இவர்கள் பெயர் இல்லை. குழு ஆட்டத்தில் முதல்நிலை ஜப்பான் ஜோடியை வீழ்த்தினார்கள். அரையிறுதியில் கொரியா. ஆகஸ்ட் 2-ல் இறுதி ஆட்டம், சீனாவின் சென் சிங்சென், ஜியா யிஃபான் ஜோடியோடு.

அந்த ஆட்டத்தில் ஒரு இடத்தைக் கட்டாயம் சொல்லணும். பந்து போய் வந்துகொண்டிருக்கும்போதே கிரேசியாவின் மட்டையில் நரம்பு அறுந்துவிட்டது. இறகுப்பந்தில் அதற்காக ஆட்டத்தை நிறுத்த மாட்டார்கள். கிரேசியா ஓரத்துக்கு ஓடிப் பையில் இருந்து வேறு மட்டையை எடுத்துக்கொண்டு திரும்ப ஓடி வருகிறார். அந்தச் சில நொடி அப்ரியானி ஒருத்தியே 6.10 மீட்டர் அகலத்தையும் காக்க வேண்டும். எதிரில் உலகத்தின் மிகச் சிறந்த ஜோடிகளில் ஒன்று. காத்தார். கிரேசியா வந்து சேர்ந்துகொண்டார், அந்தப் புள்ளியும் இவர்களுக்கே. பக்கத்தில் ஆள் இல்லாத இடத்தையும் தன் இடமாக நினைத்து ஓடுவதை, இரட்டையர் ஆட்டம் என்றால் என்ன என்று கேட்பவர்களுக்குக் காட்டலாம்.

21-19, 21-15. தங்கம்! இந்தோனேசியாவின் முதல் பெண்கள் இரட்டையர் தங்கம். இதனால் ஒலிம்பிக் இறகுப்பந்தின் ஐந்து பிரிவிலும் தங்கம் வாங்கிய நாடு என்ற பெருமை, சீனாவுக்கு அடுத்து இந்தோனேசியாவுக்குக் கிடைத்தது. கிரேசியாவுக்கு 34 வயது ஆக இன்னும் ஒன்பது நாள் இருந்தது. ஒன்பது வருடத்துக்கு முன்னால் ஒலிம்பிக்கை விட்டு வெளியேற்றப்பட்டவர் அவர்.

அரசு ஆளுக்கு 550 கோடி ருபியா பரிசு கொடுத்தது. பயந்துவிடாதீர்கள், அது ரூபாய் இல்லை. ருபியா என்பது அவர்கள் நாட்டுப் பணம். நம்ம கணக்கில் சுமார் 2 கோடியே 80 லட்சம் வரும். அப்ரியானிக்கு அவர் ஊர்ப் பகுதித் தலைவர் ஒரு வீடும் ஐந்து மாடும் தருவதாக அறிவித்தார். இதைப் படித்ததும் எங்க அம்மா, "மாடு குடுத்தாங்களா, நல்ல மனுஷங்க" என்றார்.

2022 ஜூன் 12-ல் ஜகார்த்தாவின் இஸ்தோரா அரங்கத்தில் கூட்டத்துக்கு நடுவே கிரேசியா விடைபெற்றார். அதற்கு முன் மாதமே அப்ரியானி சிதி ஃபாதியா என்ற புது ஜோடியோடு ஆடத் தொடங்கிவிட்டார். ஒலிம்பிக் தங்கம் வாங்கியவர், ஆனாலும் ஜோடி புதுசு என்பதால் தரவரிசையில் மறுபடி அடியில் இருந்துதான். வியட்நாமில் நடந்த தென்கிழக்கு ஆசிய விளையாட்டில் தங்கம் வாங்கினார்கள். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் குழுச் சுற்றைத் தாண்டவில்லை. ஃபாதியா 2000-ல் பிறந்தவர். இந்த ஜோடியில் அப்ரியானிதான் அக்கா.

— ஒன்பதாம் வகுப்பு மாணவி