மின்சார ஸ்கூட்டர் வாங்கப் போறீங்களா?

"பெற்றோல் செலவு கிடையாது, லைசனும் வேணாமாம். வாங்கித் தாங்கப்பா!" என்று மகன் கேட்கிறான். 2022ஆம் ஆண்டு பெற்றோலுக்காக வரிசையில் நின்று களைத்த நமக்கும் அந்த ஆசை வருவது இயல்புதான். மின்சார ஸ்கூட்டர் நல்ல வண்டிதான். ஆனால் சீட்டுக் காசையும் ஈ.பி.எப். காசையும் அதில் போடுவதற்கு முன் மூன்று விஷயங்களைப் பாருங்கள்: புத்தகம், ஏற்றம், பிளக்.

1. புத்தகம்

"லைசன் வேணாம்" என்ற பேச்சை நம்ப வேண்டாம். றோட்டில் ஓட்ட வேண்டுமானால், மோட்டார் சைக்கிளைப் போலவே இதையும் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிவு செய்து இலக்கத் தகடு போட வேண்டும். வருமான அனுமதிப்பத்திரம், காப்புறுதி, ஓட்டுபவருக்குச் சாரதி அனுமதிப்பத்திரம் எல்லாம் வேண்டும். ஓட்டுபவர், பின்னால் இருப்பவர் இருவருக்கும் ஹெல்மெட் கட்டாயம். ஸ்கூல் பிள்ளையிடம் சாவியைக் கொடுக்காதீர்கள்.

பழைய வண்டி என்றால் பதிவுப் புத்தகத்தில் உள்ள சேசி இலக்கமும் வண்டியில் உள்ள இலக்கமும் ஒன்றுதானா என்று பாருங்கள். புது வண்டி என்றால், பதிவு செய்து தருவதாக பில்லில் எழுதி வாங்குங்கள். அதுவரை அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம். பதிவில்லாத வண்டி யார் மீதாவது மோதினால், நட்டஈடு முழுவதும் உங்கள் தலையில்தான் விழும்.

2. ஏற்றம்

"ஒரு சார்ஜுக்கு 60 கிலோமீற்றர் ஓடும்" என்பார்கள். அது சமதரையில், ஒரே ஆளுடன் ஓட்டினால். நமக்குச் சமதரை எங்கே இருக்கிறது? அட்டனில் இருந்து நுவரெலியா சுமார் 600 மீற்றர் உயரம். 60 வோல்ட், 20 ஆம்பியர்-மணி பற்றரியில் 1.2 யுனிட் கரண்ட்தான் இருக்கும். இரண்டு பேருடன் அவ்வளவு உயரம் ஏறுவதற்கே அதில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். தூரம் ஓடுவதற்கான செலவு வேறு.

அதனால் வாங்கும் முன் இரண்டு பேர் ஏறிப் பாருங்கள். செங்குத்தான மேட்டில் நிறுத்தி, மறுபடி எடுத்துப் பாருங்கள். இறக்கத்தில் பிரேக்கையும் பாருங்கள். ஈயப் பற்றரி மலிவு, ஆனால் பாரம் கூட, சீக்கிரம் தேய்ந்துவிடும். லித்தியம் பற்றரி விலை கூட, ஆனால் பாரம் குறைவு, கூடிய காலம் உழைக்கும். மாற்றுப் பற்றரியின் விலையையும் அப்போதே கேட்டு வையுங்கள்.

இந்த வண்டிக்குச் சத்தம் கிடையாது. கொழுந்து மூட்டையோடு றோட்டோரம் நடக்கும் அக்காமாருக்குப் பின்னால் வண்டி வருவது தெரியாது. வளைவில் ஹோன் அடியுங்கள். பனி மூட்டத்தில் லைட்டைப் போட்டு மெதுவாகப் போங்கள்.

3. பிளக்

இது உயிர் விஷயம். லித்தியம் பற்றரி தீப்பிடித்தால் சில நிமிடங்களில் காம்பிரா முழுவதும் நச்சுப் புகை நிரம்பிவிடும். ஒரே கூரையின் கீழ் உள்ள லயத்தில் பக்கத்து வீடுகளுக்கும் ஆபத்து.

• படுக்கும் அறையிலோ, அடுப்புக்குப் பக்கத்திலோ சார்ஜ் போடாதீர்கள்.
• இஸ்தோப்பில் போட்டாலும் வாசலை மறிக்காதீர்கள். மழை படாமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.
• தூங்கும்போது போடாதீர்கள். விழித்திருக்கும் நேரத்தில் போட்டு, நிறைந்ததும் கழற்றுங்கள்.
• வண்டியோடு வந்த சார்ஜரை மட்டும் பாவியுங்கள். மெல்லிய நீட்டு வயர் வேண்டாம். பழைய வயரிங்கை முதலில் எலக்ட்ரீஷியனிடம் காட்டுங்கள்.
• பற்றரி வீங்கினாலோ, கடுமையாகச் சுட்டாலோ, வாடை வந்தாலோ அதைப் பாவிக்காதீர்கள்.
• தீப்பிடித்தால் முதலில் பிள்ளைகளோடு வெளியேறுங்கள், லயத்தில் எல்லோரையும் எழுப்புங்கள். வண்டியை மீட்க உள்ளே போகாதீர்கள்.

கடைக்குப் போகும்போது இந்தப் பக்கத்தையும் கையோடு எடுத்துப் போங்கள். மகனையும் வாசிக்கச் சொல்லுங்கள்.