மரத்தரை: மாறிவரும் விருப்பங்கள்

வீட்டுத் தரைக்கு மரம் போடுவது ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் நூற்றாண்டுகளாக இருந்துவரும் வழக்கம். குளிர் நாடுகளில் கல்தரை காலைச் சில்லிட வைக்கும், மரம் அப்படியல்ல. ஓக், மேப்பிள், பைன் மரங்களுக்கும் அங்கே பஞ்சமில்லை. ஆனால் எந்த மரம், எந்த நிறம், எவ்வளவு அகலம் என்பதில் மக்களின் விருப்பம் ஒரு தலைமுறைக்குள்ளேயே பலமுறை மாறியிருக்கிறது. இன்று ‘மரத்தரை’ என்று விற்கப்படுவதில் மரம் எவ்வளவு இருக்கிறது என்பதே கேட்க வேண்டிய கேள்வியாகிவிட்டது.

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அமெரிக்க வீடுகளில் சிவப்பு ஓக் மரமே அதிகம். சுமார் 57 மில்லிமீட்டர் அகலமும் 19 மில்லிமீட்டர் கனமும் உள்ள குறுகிய பலகைகளைக் காடியும் நாக்குமாகப் பொருத்தி, ஆணி அடித்து, பளபளவென்று மெருகு ஏற்றுவார்கள். இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு சுவரோடு சுவராக விரிக்கும் கம்பளம் நாகரிகமானது. நல்ல ஓக் தரைகள் பல அதன் அடியில் மறைந்தன. பின்னாளில் தூசி, ஒவ்வாமை பற்றிய கவலை வந்தபோது கம்பளத்தைப் பிய்த்தெடுத்தவர்களுக்கு அடியில் மரம் கெடாமல் கிடைத்தது. உப்புத்தாள் இயந்திரத்தால் தேய்த்து, மறுபடி மெருகிட்டால் புதுத்தரை. இப்படிப் பலமுறை புதுப்பிக்க முடிவதே கனமான மரப்பலகையின் பெருமை.

2000-க்குப் பிறகு அடர்ந்த நிறங்கள் கோலோச்சின. கரும்பழுப்புத் தரை படத்தில் அழகாக இருக்கும்; வீட்டிலோ ஒவ்வொரு காலடித் தடமும் தூசியும் அதில் துலங்கித் தெரியும். அடுத்து சாம்பல் நிறம் வந்தது, அதுவும் சலித்துப்போனது. இப்போது வெள்ளை ஓக்கின் இயல்பான தேன்நிறமும், மினுக்கில்லாத மேற்பூச்சும், 18 சென்டிமீட்டரும் அதற்கு மேலும் அகலமுள்ள பலகைகளும் விரும்பப்படுகின்றன. மினுக்கு குறைந்த பரப்பில் சிறு கீறல்கள் எளிதில் தெரியாது என்பது உண்மையான வசதி. பழைய ஐரோப்பிய மாளிகைகளின் மீன்முள் வடிவ அடுக்கும் திரும்பி வந்திருக்கிறது.

அகலப் பலகை மோகத்துக்குப் பின்னால் ஒரு தொழில்நுட்பம் இருக்கிறது. காற்றில் ஈரம் கூடினால் மரம் குறுக்குவாட்டில் உப்பும்; குறைந்தால் சுருங்கும். பலகை அகலமாக ஆக இந்த அசைவும் அதிகமாகும். இதற்குத் தீர்வு, ஒன்றன்மேல் ஒன்றாக நார்த்திசை மாற்றி ஒட்டிய அடுக்குகள். சுவீடனின் குஸ்தாவ் கார் 1941-இல் இப்படிப்பட்ட பலகைக்குக் காப்புரிமை பெற்றார். இன்று ‘என்ஜினியர்டு வுட்’ எனப்படுவது இதுதான்: மேலே 2 முதல் 6 மில்லிமீட்டர் வரை நல்ல மரம், கீழே பிளைவுட் அல்லது மலிவான மரம். ஈரத்தையும், தரைக்கடியில் குழாய் பதித்துச் சூடேற்றும் ஏற்பாட்டையும் இது முழுமரத்தைவிட நன்றாகத் தாங்கும்.

லேமினேட் வேறு வகை. 1977-இல் சுவீடனின் பெர்ஸ்டார்ப் நிறுவனம் உருவாக்கியது. அழுத்திய மரநார்ப் பலகையின்மேல் மரத்தின் படம் அச்சிட்ட காகிதம், அதற்குமேல் கெட்டியான ஒளிபுகும் பிசின் பூச்சு. 1990-களின் பிற்பகுதியில் பசையில்லாமல் ‘கிளிக்’ என்று பூட்டிக்கொள்ளும் விளிம்பு வந்ததும் வீட்டுக்காரரே விரித்துக்கொள்ளும் அளவுக்கு வேலை எளிதானது. லேமினேட் தரையை உற்றுப் பார்த்தால் ஒரே கணு, ஒரே வரி சில பலகைகளுக்கு ஒருமுறை அப்படியே திரும்பி வருவதைக் காணலாம். உண்மை மரத்தில் இரண்டு பலகைகள் ஒன்றுபோல் இருப்பதில்லை.

ஒட்டும் பிசினிலிருந்து கசியும் ஃபார்மால்டிஹைடு வாயு இன்னொரு கவலை. 2015-இல் அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்று சீனத் தயாரிப்பு லேமினேட்களைச் சோதித்துக் காட்டியபோது வாங்குவோர் விழித்துக்கொண்டார்கள். 2018 முதல் அமெரிக்கா முழுவதும் கசிவுக்கு உச்சவரம்பு அமலானது. ஐரோப்பாவில் ‘இ1’ தரக்குறியீடு அதே வேலையைச் செய்கிறது. மரம் எங்கே வெட்டப்பட்டது என்ற கேள்வியும் எழுந்தது: திருட்டு மரத்தைத் தடுக்க அமெரிக்கா 2008-இல் தன் பழைய சட்டத்தைத் திருத்தியது, ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிகள் 2013-இல் நடைமுறைக்கு வந்தன.

இப்போது சந்தையை வேகமாகப் பிடித்துவருவது மரமே இல்லாத ‘மரத்தரை’: சுண்ணாம்புக்கல் தூளும் பிளாஸ்டிக்கும் கலந்த வினைல் பலகை. சமையலறை, கூடம் எல்லாம் ஒரே வெளியாகக் கட்டப்படும் வீடுகளில் தண்ணீருக்கு அஞ்சாத தரை தேவைப்படுகிறது, விலையும் குறைவு. ஆனால் தேய்ந்தால் புதுப்பிக்க வழியில்லை, குப்பைக்குத்தான் போகும். நீண்ட காலத்துக்கு வீடு கட்டுபவருக்கு இது சிக்கனமாகாது.

சென்னை போன்ற ஊர்களின் அடுக்குமாடி வீடுகளிலும் படுக்கையறைக்கு ‘வுடன் ஃப்ளோரிங்’ கேட்பவர்கள் இருக்கிறார்கள். கடற்கரை ஈரமும் கறையானும் உள்ள ஊரில் முழுமரம் எளிதல்ல. எந்த வகையை வாங்கினாலும் நிறத்தைப் பார்க்கும் முன் கடைக்காரரிடம் கேளுங்கள்: மேலடுக்கு உண்மை மரமா, அதன் கனம் எத்தனை மில்லிமீட்டர்? ஒவ்வொரு முறை தேய்க்கும்போதும் அதிலிருந்து கொஞ்சம் போய்விடும். எனவே அந்தத் தரையை எத்தனை முறை புதுப்பிக்கலாம் என்பது அந்தக் கனத்தைப் பொறுத்ததே.