அடிவாரத்துக் கணிப்பொறி

சேலம் மாநகரின் வடபால் சேர்வராயன் மலை வானளாவ நிற்கின்றது. அதன் மேலே ஏற்காடு. அதன் காலடியில் அடிவாரம். சேலத்திலிருந்து புறப்படும் பேருந்து அடிவாரத்தைக் கடந்ததும், இருபது கொண்டை ஊசி வளைவுகளைச் சுற்றிச் சுற்றி மேலேறும். காப்பிக்கொட்டையும் மிளகும் மலையைவிட்டு இறங்கி வருவதும் அவ்வழியே. 1820களில் சேலத்தில் கலெக்டராயிருந்த காக்பர்ன் என்பார் இம்மலையில் காப்பிப் பயிரைப் புகுத்தினார். அக்காலந்தொட்டு விளைச்சற் கணக்கெல்லாம் பேரேடுகளில் எழுதப்பெற்று வந்தது. இன்று அப்பேரேட்டின் இடத்தைக் கணிப்பொறி பிடித்துக்கொண்டது.

அடிவாரத்தில் என் நண்பர் ஒருவர் மிளகும் காப்பிக்கொட்டையும் வாங்கி விற்கும் சிறுகடை வைத்திருக்கின்றார். 2013ஆம் ஆண்டில் வாங்கிய மேசைக் கணிப்பொறி ஒன்று அவர் கடையில் இருந்தது. 2025ஆம் ஆண்டின் இறுதியில் அது மிகவும் தளர்ந்துவிட்டது. காலையில் விசையை அழுத்திவிட்டுக் கடை வாயிலைப் பெருக்கி, நீர் தெளித்து, விளக்கேற்றி வந்தாலும் அது விழித்திராது. விழித்த பின்னரோ, வரி செலுத்தும் தளத்தைத் திறக்க மறுக்கும். நகரத்துக் கடையொன்றில் காட்டியபோது, “பழம்பொறி, எறிந்துவிட்டுப் புதியது வாங்குங்கள்” என்றனராம். நண்பர் என்னை அழைத்து, “அண்ணா, மனிதருக்கு வயது முதிர்ந்தால் மருத்துவம் பார்க்கின்றோம், பொறிக்குப் பார்க்கலாகாதா?” என்று கேட்டார்.

அவருடைய கவலைக்கு வேறொரு காரணமும் இருந்தது. மறைந்த அவர் தந்தையார் மலைமேல் சிறு காப்பித் தோட்டம் ஒன்று வைத்திருந்தார். எந்த ஆண்டில் எந்தச் சரிவில் எத்தனை கன்று நட்டார், எந்தச் சவுக்குமரத்தில் மிளகுக்கொடி ஏற்றினார், எவ்விடத்தில் ஊற்றுநீர் உண்டு என்பனவற்றையெல்லாம் தம் கையாலேயே தட்டெழுதி அப்பொறியில் வைத்திருந்தார். அதற்கு வேறு படி இல்லை.

நோய் இன்னதென்று அறியாமல் மருந்து கொடுத்தல் கூடாதன்றோ? ஆதலின் முதலில் பொறியைச் சோதித்தோம். திரையின் மூலையிலிருந்த நாட்காட்டி 2013ஆம் ஆண்டைக் காட்டியது! கணிப்பொறியின் தாய்ப்பலகையில் காசளவான சிறு மின்கலம் ஒன்று உண்டு. மூன்று வோல்ட்டு ஆற்றலுடைய அது, மின்சாரம் இல்லாத வேளையிலும் பொறியின் கடிகாரத்தை ஓடச் செய்வது. அது வற்றிவிட்டது. ஆகவே ஒவ்வொரு நாளும் பொறி தன் பிறந்த ஆண்டிற்கே திரும்பிச் சென்றது. வலைத்தளங்கள் தம்மை மெய்ப்பிக்கக் காட்டும் சான்றிதழ்களுக்குத் தொடக்கநாளும் முடிவுநாளும் உண்டு. பொறியின் கணக்குப்படி அந்நாள் இன்னும் வரவேயில்லை. ஆதலால் உண்மைத் தளத்தையும் போலியென்று ஐயுற்று அது கதவடைத்தது. மின்கலத்தை மாற்றியதும் வரித்தளம் திறந்தது. பெரும்பிணி எனக் கருதப்பட்ட ஒன்று, பெட்டிக்கடையில் கிடைக்கும் ஒரு வில்லையால் தீர்ந்தது.

எனினும் மந்தம் தீரவில்லை. அதன் காரணத்தை அறிய, கணிப்பொறியின் உள்ளமைப்பைச் சிறிது அறிதல் வேண்டும். காப்பிக் கடையையே உவமையாகக் கொள்வோம். மூட்டைகளை அடுக்கி வைக்கும் கிடங்கு ஒன்று. கொட்டையைப் பரப்பி உலர்த்தித் தெரிந்தெடுக்கும் களம் ஒன்று. அங்கு வேலை செய்யும் ஆள் ஒருவர். கணிப்பொறியில் கிடங்காவது வன்தட்டு, களமாவது நினைவகம், கடைக்காரர் ‘ராம்’ என்பது இதனையே, ஆளாவது செயலி. களம் சிறிதாயின் ஆள் என் செய்வார்? ஒரு மூட்டையை விரிக்க, விரித்த வேறொன்றைத் திரும்ப அள்ளிக் கிடங்கிற் சேர்க்க வேண்டும். உழைப்பெல்லாம் சுமப்பதிலேயே கழியும். நண்பரின் பொறியில் நினைவகம் 2 ஜிபி. இக்காலத்து உலாவியில் நான்கைந்து பக்கங்களைத் திறந்தாலே அது நிரம்பிவிடும்.

கிடங்கின் நிலையும் நன்றாயில்லை. வன்தட்டு என்பது உள்ளே உண்மையாகவே சுழலும் தட்டு. நிமிடத்திற்கு 7,200 முறை, அஃதாவது நொடிக்கு 120 முறை, அது சுற்றும். அதன்மேல் மயிரிழையினும் நுண்ணிய இடைவெளியில் ஒரு முனை முன்னும் பின்னும் அசைந்து எழுத்துகளைப் படிக்கும். வேண்டிய செய்தி தட்டின் மறுபக்கத்தில் இருந்தால், அது சுழன்று வரும்வரை முனை காத்திருக்க வேண்டும். நமக்கு இமைப்பொழுதாகத் தோன்றும் அந்நேரம் செயலிக்கு ஓர் ஊழிக்காலம். இருபது வளைவுகளிலும் நின்று நின்று மூட்டை ஏற்றிவரும் வண்டியை ஒத்தது அது. திண்மநிலை வட்டு எனப்படும் எஸ்.எஸ்.டி.யிலோ சுழல்வதும் இல்லை, அசைவதும் இல்லை. சில்லுகளில் மின்னூட்டமாகவே செய்தி தங்குகின்றது. எந்த மூலையில் இருப்பினும் ஏறத்தாழ ஒரே விரைவில் கைக்கு வரும்.

செயலியைப் பார்த்தோம். அது பெரும்பாலும் சும்மாவே இருந்தது! ஆகவே அதனை மாற்றுவது வீண்செலவு. பழைய பொறியைப் புதுக்குவோர் பலர் முதலில் விரைவான செயலியையே தேடுகின்றனர். களத்தையும் கிடங்கையும் விட்டுவிட்டு ஆளை மாற்றுவது போன்றது அது. நண்பரிடம் இரண்டே பொருள்கள் வாங்கச் சொன்னேன்: 4 ஜிபி நினைவகத் தகடுகள் இரண்டு, 240 ஜிபி திண்மநிலை வட்டு ஒன்று. நினைவகம் வாங்குவதில் ஒரு கவனம் வேண்டும். டி.டி.ஆர்.3 வகைக்கு 240 முனைகள். அதற்குப் பின் வந்த டி.டி.ஆர்.4 வகைக்கு 288. தகட்டின் அடியிலுள்ள வெட்டும் இடம் மாறியிருக்கும். ஒன்றன் பள்ளத்தில் மற்றொன்று பொருந்தாது. வலிந்து அழுத்தினால் உடையும்.

பெட்டியைத் திறக்குமுன் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. அதனைச் செய்யாதவர் பின்னர் வருந்துவர். கணக்குகளையும் தந்தையாரின் குறிப்புகளையும் தனித்தனியே இரண்டு இடங்களிற் படியெடுத்தோம். ஒன்று நண்பரின் இரும்புப் பெட்டியில்; மற்றொன்று சேலத்தில் அவர் தங்கையின் வீட்டில்.

பின்பு மின் இணைப்பை அகற்றி, பெட்டியின் இரும்புச் சட்டத்தைக் கையால் தொட்டுக்கொண்டோம். நம் உடலில் தேங்கும் நிலைமின்சாரம் சில்லுகளைக் கெடுக்கவல்லது. சட்டத்தைத் தொட்டால் அது வடிந்துவிடும். பெட்டியைத் திறந்தால் உள்ளே பன்னிரண்டாண்டுப் புழுதி! செயலியின்மேல் அமர்ந்திருந்த அலுமினியச் சீப்பின் பல்லிடுக்கெல்லாம் தூசி அடைத்திருந்தது. வெப்பத்தை வாங்கிக் காற்றில் விடுவதே அச்சீப்பின் தொழில். அதனைத் தூரிகையால் துடைக்கும்போது வேறொன்று நினைவிற்கு வந்தது. இதே சேர்வராயன் மலையில் வெட்டிய பாக்சைட்டு மேட்டூருக்குச் சென்று அலுமினியமான காலம் ஒன்று உண்டு. மேட்டூரில் அவ்வாலை 1965ஆம் ஆண்டில் தொடங்கியது.

தகடுகளைப் பொருத்தி விசையை அழுத்தினோம். திரை இருண்டே கிடந்தது. பொறி விட்டுவிட்டு ஒலித்தது. நண்பரின் முகம் வாடிற்று. நினைவகம் சரியாக அமராதபோது பொறி எழுப்பும் ஓலம் அது. தகடுகளைக் கழற்றி, அவற்றின் பொன்னிற முனைகளைப் பள்ளிப் பிள்ளைகளின் அழிப்பானால் மெல்லத் தேய்த்து, இருபுறத் தாழ்களும் ‘டக்’கென்று விழும்வரை அழுத்தினோம். ஒளி வந்தது.

இனி மென்பொருள். விண்டோஸ் 10 என்னும் இயங்குதளத்திற்கு அளித்துவந்த பொது ஆதரவை அதன் நிறுவனம் 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு முடித்துக்கொண்டது. பாதுகாப்புத் திருத்தங்களை மேலும் ஓராண்டு பெற வழி வைத்ததாயினும், அது தவணையே அன்றித் தீர்வன்று. விண்டோஸ் 11 ஒருவகைப் பாதுகாப்புச் சில்லையும் அண்மைக்காலச் செயலியையும் கேட்கின்றது. 2013ஆம் ஆண்டுப் பொறியில் அவை இல்லை. ஓடும் நிலையிலுள்ள பொறியை இக்காரணத்தால் குப்பையாக்குவது எனக்கு உடன்பாடன்று.

வேறு வழி உண்டு. 1991ஆம் ஆண்டில் பின்லாந்து நாட்டு மாணவர் லினசு தோர்வால்சு என்பார் தொடங்கிய லினக்சு, யாவரும் விலையின்றிப் பெற்றுத் திருத்திக்கொள்ளத்தக்கது. அதனை அடிப்படையாகக் கொண்டு சி-டாக் நிறுவனத்தின் சென்னைப் பிரிவு, இந்திய மொழிகளுக்கு ஏற்ற ‘பாஸ்’ என்னும் இயங்குதளத்தை 2007ஆம் ஆண்டில் வெளியிட்டது. தமிழ்நாட்டு அரசின் எல்காட் நிறுவனமும் அக்காலத்திலேயே தன் கணிப்பொறிகளை லினக்சுக்கு மாற்றத் தொடங்கியது. ஆதலின் நாம் சென்ற பாதை புதியதன்று. லினக்சில் ஒரு வசதி, வட்டில் எதனையும் அழிக்காமல் பென் டிரைவிலிருந்தே இயக்கிப் பார்க்கலாம். அச்சுப்பொறி அச்சிடுகின்றதா, வரித்தளம் திறக்கின்றதா, கணக்குத்தாள்கள் விரிகின்றனவா என்று ஒரு நாள் முழுதும் பார்த்த பின்னரே புதிய வட்டில் நிறுவினோம். விண்டோசில் மட்டுமே ஓடும் கணக்கு மென்பொருள் வைத்திருப்போர்க்கு இம்மாற்றம் இவ்வளவு எளிதன்று. நண்பர் வெறும் கணக்குத்தாளில் எழுதிவந்தமை நல்லூழ்.

எல்லாம் முடிந்தது எனக் கருதித் தந்தையாரின் குறிப்பைத் திறந்தோம். தமிழ் எழுத்து ஒன்றேனும் இல்லை! ஆங்கில எழுத்துகளும் குறிகளும் பொருளின்றிச் சிதறிக் கிடந்தன. நண்பர் நாற்காலியில் சாய்ந்துவிட்டார்.

செய்தி அழியவில்லை. முற்காலத்துத் தமிழ் எழுத்துருக்கள் பல, ஆங்கில எழுத்துகளுக்குரிய எண்களிலேயே தமிழ் வடிவங்களை ஏற்றி வைத்தன. பொறிக்குள் இருப்பது ஆங்கில எழுத்து. தமிழாகக் காட்டுவது எழுத்துரு என்னும் முகமூடி. முகமூடி இல்லாத புதிய வட்டில் உள்ளிருந்த முகம் தெரிந்தது. இக்குழப்பத்தை நீக்கவே 1999ஆம் ஆண்டில் சென்னையில் கூடிய தமிழ்நெட் 99 மாநாட்டில் தர எழுத்துமுறைகளும் தமிழ்99 விசைப்பலகையும் வகுக்கப்பெற்றன; 2010ஆம் ஆண்டில் தமிழ்நாட்டு அரசு யூனிகோடு முறையை ஏற்றது. யூனிகோட்டில் தமிழுக்கெனத் தனி எண்கள் உண்டு. ஆகவே எழுத்துரு மாறினாலும் எழுத்து மாறாது.

பழையதை யூனிகோட்டிற்கு மாற்றுவது, ஓர் எண்ணுக்கு மற்றோர் எண்ணை இடுவது மட்டுமன்று. ‘கொ’ என்னும் எழுத்தைப் பழைய முறை கண்ணுக்குத் தெரியும் வரிசையில் கொம்பு, ககரம், கால் என மூன்று துண்டாக வைக்கும். யூனிகோடோ ககரத்தை முதலில் வைத்து, அதன்பின் ஒகரக் குறியை ஒன்றாக வைக்கும். மாற்றிக்கொடுக்கும் மென்பொருள் இவ்வரிசையையும் திருத்தியாதல் வேண்டும். எழுத்துருவின் பெயரைப் பழைய வன்தட்டிற் கண்டறிந்து, அதற்குரிய மாற்றியைப் பிடித்து இயக்கினோம். முதற்பக்கம் தமிழாக மலர்ந்தது. சில ஐகாரங்கள் மட்டும் இடம் பிறழ்ந்திருந்தன. அவற்றை நண்பரின் மகள் ஒரு மாலைப்பொழுதில் கையால் திருத்தினாள்.

இப்போது அப்பொறி அரை நிமிடத்திற்குள் விழித்துக்கொள்கின்றது. பழைய வன்தட்டை நாங்கள் எறியவில்லை. துணியிற் சுற்றி, நாளைக் குறித்து, அலமாரியில் வைத்தோம். தந்தையாரின் குறிப்பு பதினேழு பக்கம் வந்தது. அதனை அச்சிட்டு எடுத்துக்கொண்டு மறுநாட் காலை நண்பர் தோட்டத்திற்குச் சென்றார். அதிற் கண்டிருந்த ஊற்று இருக்குமிடத்தில் உண்ணிச்செடி மண்டிக் கிடந்ததாம். வெட்டி விலக்கியபோது அடியில் மண் ஈரமாயிருந்தது என்று மாலையில் இறங்கி வந்து கூறினார்.