பள்ளிக்கு நன்கொடை: கேட்பது எப்போது குற்றம், கொடுப்பது எப்படி முறை?

மே மாதம் முடியப்போகிறது என்றால் 'டொனேஷன்' என்ற சொல்லே பல வீடுகளில் தூக்கத்தைக் கெடுக்கிறது. இதே தமிழ்நாட்டில்தான் வணிகர்களின் மகமையாலும், வீட்டுக்கு வீடு எடுத்துவைத்த அரிசியாலும் பள்ளிகள் எழுந்தன. காமராஜர் படித்த விருதுநகர் சத்திரிய வித்யாசாலாவை ஊரார் 'பிடி அரிசிப் பள்ளி' என்றே அழைத்தார்கள். சீட்டுக்காகப் பிடுங்கும் பணத்தையும் ஊர் மனமுவந்து தரும் பணத்தையும் நாம் ஒன்றாகவே பார்க்கத் தொடங்கிவிட்டோம். அதனால் ஒழுங்காக நடக்கும் அறக்கட்டளைப் பள்ளிகள்கூட வாய்விட்டுக் கேட்கக் கூசுகின்றன. கொடுக்க நினைக்கும் பழைய மாணவர்களும் தயங்கி நிற்கிறார்கள். இரு தரப்பிலும் அடிக்கடி எழும் சந்தேகங்களுக்கு இங்கே விளக்கம் தருகிறோம்.

சேர்க்கையின்போது 'விருப்ப நன்கொடை' படிவம் தருகிறார்கள். நாமே கையெழுத்துப் போட்டுத் தருவதில் என்ன தவறு?

சீட்டுக்கும் பணத்துக்கும் முடிச்சு விழுந்தால் அது நன்கொடை ஆகாது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் இதைத் தெளிவாகச் சொல்கிறது. பள்ளி அறிவித்துள்ள கட்டணம் தவிர எந்தப் பெயரில் பணம் வாங்கினாலும் அது கட்டாய நன்கொடைதான். வாங்கிய தொகையைப் போலப் பத்து மடங்கு வரை அபராதம் விதிக்கலாம். தமிழ்நாட்டில் கட்டாய நன்கொடையைத் தடுக்க 1992 முதலே தனிச் சட்டம் இருக்கிறது. தனியார் பள்ளிக் கட்டணத்தை ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையிலான குழு நிர்ணயிக்க வேண்டும் என்று 2009இல் இன்னொரு மாநிலச் சட்டமும் வந்தது.

'எவ்வித வற்புறுத்தலும் இன்றி' என்ற வரியைப் படிவத்தில் அச்சடித்துவிட்டால் பள்ளி தப்பிக்க முடியாது. கல்வி அறக்கட்டளைகளின் வரிவிலக்கு தொடர்பான வழக்கில் 2022இல் சென்னை உயர் நீதிமன்றம், இடத்துக்கு ஈடாக வாங்கும் பணத்தைத் தன்னார்வ நன்கொடையாகக் கருத முடியாது என்று கூறியது. பெற்றோர் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். "சேர்க்கை முடியட்டும் சார், நன்கொடையை அடுத்த வருஷம் யோசித்துத் தருகிறேன்" என்று சொல்லுங்கள். அதற்குப் பிறகும் சேர்க்கை அட்டை கைக்கு வந்தால் அது நன்கொடை. வராவிட்டால், தனியார் பள்ளிகளுக்கான மாவட்டக் கல்வி அலுவலரிடம் எழுத்துமூலம் புகார் கொடுங்கள். வாய்மொழிப் புகார் நிற்காது. குறுஞ்செய்தி, ரசீது என்று எது கையில் இருந்தாலும் இணைத்துக் கொடுங்கள்.

கட்டணம் வாங்குகிறார்களே, பிறகு நன்கொடை எதற்கு?

எல்லாத் தனியார் பள்ளியும் ஒரே ரகம் இல்லை. அரசு உதவிபெறும் பள்ளியில் அனுமதிக்கப்பட்ட ஆசிரியர் பணியிடங்களுக்கு அரசு சம்பளம் தருகிறது. ஓடு மாற்றுவது, கழிப்பறை கட்டுவது, சுற்றுச்சுவர் எழுப்புவது, பெஞ்சு வாங்குவது எல்லாம் நிர்வாகத்தின் தலையில்தான். அங்கே படிப்பவர்களோ பெரும்பாலும் கூலி வீட்டுப் பிள்ளைகள், கட்டணமாக வருவது சொற்பம். நூறாண்டு கடந்த எத்தனையோ உதவிபெறும் பள்ளிகளின் கட்டடங்கள் நன்கொடை இல்லாமல் தாங்காது.

சுயநிதிப் பள்ளிக்குக் கட்டணம் இருக்கிறது. நியாயமான உபரி வைத்துக்கொள்ளலாம், கொள்ளை லாபமும் கட்டாய நன்கொடையும் கூடாது என்று 2002இல் டி.எம்.ஏ. பாய் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் 11 நீதிபதிகள் அமர்வு சொல்லிவிட்டது. எனவே லட்சத்தில் கட்டணம் வாங்கும் பள்ளி நீச்சல் குளத்துக்கு நிதி கேட்டால் நீங்கள் தர வேண்டிய அவசியமே இல்லை. ஏழைப் பிள்ளைகளின் படிப்புச் செலவுக்குக் கேட்டால், எத்தனை பேர், எப்படித் தேர்வு செய்கிறார்கள் என்று விசாரித்துவிட்டுத் தாருங்கள்.

நேர்மையாக நிதி திரட்ட விரும்பும் தாளாளர் எங்கிருந்து தொடங்குவது?

சேர்க்கைப் பதிவேட்டிலிருந்து தொடங்குங்கள். அலுவலக பீரோவில் தூசி படிந்து கிடக்கும் அந்தத் தடித்த நோட்டுகளில்தான் பள்ளியின் சொத்து இருக்கிறது. ஆண்டுவாரியாகப் பெயர்களை எடுத்து எழுதி, ஒவ்வொரு எஸ்.எஸ்.எல்.சி. செட்டுக்கும் ஊரில் இருக்கும் ஒருவரைப் பொறுப்பாக்கினால், வாட்ஸ்அப் வழியாக மற்றவர்களை அவரே பிடித்துவிடுவார். முதல் கடிதத்திலேயே பணம் கேட்காதீர்கள். பள்ளி இன்று எப்படி இருக்கிறது, எந்த ஆசிரியர் ஓய்வு பெற்றார், எத்தனை பிள்ளைகள் படிக்கிறார்கள் என்று எழுதுங்கள். பத்து வருஷமாகப் பேசாமல் இருந்துவிட்டு நூற்றாண்டு விழா மலருக்கு விளம்பரம் கேட்கத்தான் போன் செய்வோம் என்றால், எதிர்முனையில் இருப்பவருக்கு மனம் எப்படி இளகும்?

அமெரிக்காவில் அரசுப் பணம் இல்லாமல் நடக்கும் தனிப் பள்ளிகள் இந்த வேலைக்கென்றே தனி அலுவலகம் வைத்திருக்கின்றன. அங்கே நிதியை மூன்றாகப் பிரித்துக் கேட்பது வழக்கம். அந்தந்த ஆண்டுச் செலவுக்கு ஆண்டு நிதி, கட்டடத்துக்குத் தனி நிதி, அசலைத் தொடாமல் வருமானத்தை மட்டும் செலவிடும் மூலதன நிதி. நிர்வாகக் குழுவினர் முதலில் தங்கள் பங்கைக் கொடுத்துவிட்டுத்தான் வெளியே கேட்கக் கிளம்புவார்கள். நம்மூர்ப் பள்ளிகள் அவர்களிடமிருந்து ஒன்றைக் கற்க வேண்டுமென்றால் நான் இதைத்தான் சொல்வேன். குழு உறுப்பினர் ஒருவரும் பைசா தராத பட்டியலை நீட்டினால் யார் தருவார்கள்?

கேட்கும் விதமும் முக்கியம். 'பள்ளி வளர்ச்சிக்கு உதவுங்கள்' என்று எழுதினால் யாரும் அசைய மாட்டார்கள். உதாரணத்துக்கு இப்படி எழுதிப் பாருங்கள்: 'ஆறு முதல் பத்து வரை மாணவிகள் 240 பேர். கழிப்பறை மூன்று. அதில் ஒன்றுக்குக் கதவு இல்லை. தண்ணீர்த் தொட்டி மதியச் சாப்பாட்டு மணிக்குள் காலியாகிவிடுகிறது. எட்டுக் கழிப்பறையும் இரண்டாயிரம் லிட்டர் தொட்டியும் அமைக்கப் பொறியாளர் தந்த மதிப்பீடு இத்துடன் இருக்கிறது.' இந்தக் கடிதத்தைப் படிக்கும் பழைய மாணவிக்கு வேறு விளக்கம் தேவைப்படாது.

ஒரே பெரிய மனிதரை நம்பி இருப்பதைவிடப் பலரிடம் கொஞ்சம் கொஞ்சமாக வாங்குவதே பள்ளிக்குப் பலம். 200 பேர் மாதம் 500 ரூபாய் தந்தால் ஆண்டுக்கு 12 லட்சம். பெரிய மனிதர் மனம் மாறினால் கட்டடம் பாதியில் நிற்கும், இருநூறு பேரில் பத்துப் பேர் விலகினால் ஒன்றும் ஆகாது. வாங்கிய ஒரு வாரத்துக்குள் ரசீதும் நன்றிக் கடிதமும் போக வேண்டும், ஆறு மாதத்துக்குள் வரவு செலவும் படமும் போக வேண்டும். கேட்கத் தெரிந்த பல பள்ளிகள் கோட்டைவிடும் இடம் இதுதான்.

கமிஷன் அடிப்படையில் ஆள் வைத்துத் திரட்டலாமா?

வேண்டாம். நன்கொடை திரட்டுவதைத் தொழிலாகச் செய்வோரின் சர்வதேசச் சங்கமே, திரட்டும் தொகையில் சதவீதம் வாங்குவதைத் தன் நெறிமுறையில் தடுத்திருக்கிறது. மாதச் சம்பளத்துக்கு ஒருவரை வைப்பது வேறு விஷயம்.

80ஜி ரசீது தருகிறோம் என்கிறார்கள். எவ்வளவு வரி மிச்சமாகும்?

கொடுத்ததில் பாதியை உங்கள் வருமானத்திலிருந்து கழிக்கலாம், அதுவும் சரிக்கட்டிய மொத்த வருமானத்தில் 10 சதவீதம் என்ற வரம்புக்குள். பாதிப் பணம் திரும்பி வரும் என்று இதைத் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். 20 சதவீத வரி அடுக்கில் இருப்பவர் 20,000 ரூபாய் கொடுத்தால் வருமானத்தில் 10,000 குறையும், மிச்சமாவது சுமார் 2,000 ரூபாய்தான். பழைய வரி முறையைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு மட்டுமே இந்தச் சலுகை. புதிய முறைக்கு மாறிவிட்டவர்களுக்குக் கிடையாது.

2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் சலுகை இல்லை. பொருளாகக் கொடுத்தாலும் இல்லை. பள்ளி கையால் எழுதித் தரும் ரசீது மட்டும் போதாது. நன்கொடையாளர் பட்டியலை பான் எண்ணுடன் மே 31க்குள் வருமான வரித் துறையில் பதிந்து, 10பிஇ சான்றிதழை உங்களுக்குத் தர வேண்டும். 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வருவதால் பிரிவு எண்களும் படிவ எண்களும் மாறுகின்றன. வாசகர்களுக்குப் பழகிய எண்களையே இங்கே சொல்லியிருக்கிறோம். பிள்ளைக்குக் கட்டும் டியூஷன் கட்டணத்துக்கு 80சி பிரிவு உண்டு, ஆனால் வளர்ச்சிக் கட்டணமும் நன்கொடையும் அதில் சேராது.

பெயர் சொல்ல விரும்பாமல் பணமாகக் கொடுக்கலாமா?

வெளியே பெயர் தெரிய வேண்டாம் என்று கேட்பது உங்கள் உரிமை. பள்ளியின் கணக்கில் பெயரும் முகவரியும் இருந்தாக வேண்டும். பெயரற்ற நன்கொடை ஒரு லட்சம் ரூபாய் அல்லது மொத்த நன்கொடையில் 5 சதவீதம், இதில் எது அதிகமோ அதைத் தாண்டினால், தாண்டிய தொகைக்குப் பள்ளி அறக்கட்டளை 30 சதவீத வரி கட்ட வேண்டும். ஒருவரிடமிருந்து ஒரே நாளில் இரண்டு லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால் அதே அளவு தொகை அபராதமாகப் போகும்.

அம்மா பெயரில் ஆண்டுதோறும் ஒரு பரிசு வைக்க ஆசை. எவ்வளவு போட வேண்டும்?

1980களில் பத்தாயிரம் ரூபாயை டெபாசிட் செய்து, முதல் மதிப்பெண்ணுக்கு ஆயிரம் ரூபாய் பரிசு என்று அறிவித்தவர்கள் உண்டு. அன்று அது பெரிய பணம். இன்று அதே டெபாசிட்டின் வட்டியில் ஒரு ஜோடி பள்ளிச் சீருடை தைப்பதே கஷ்டம், ஆனாலும் பரிசுப் பெயர் மட்டும் விழா அழைப்பிதழில் தொடர்கிறது. எனவே வட்டி முழுவதையும் பரிசாகத் தரச் சொல்லாதீர்கள். பத்து லட்சம் போட்டு 7 சதவீத வட்டி வருகிறது என்று வைத்துக்கொண்டால் 70,000 ரூபாய். அதில் 40,000 ஒரு மாணவிக்குப் போகட்டும், மீதி அசலோடு சேரட்டும். 'இந்தத் தொகை மூலதன நிதிக்கு' என்று நீங்கள் எழுத்தில் தர வேண்டும். அந்தக் கடிதம் இல்லாவிட்டால் அது சாதாரண வருமானக் கணக்கில் போய்விடும். அப்படிப் போனால் அசலையும் செலவிட நேரலாம், ஏனென்றால் ஓர் ஆண்டின் வருமானத்தில் 85 சதவீதத்தைச் செலவிட வேண்டும் என்பது அறக்கட்டளைகளுக்கான பொது விதி.

மின்விசிறியில், வகுப்பறையில் பெயர் எழுதினால் ஜிஎஸ்டி வருமா?

வராது. நன்றி தெரிவிக்கப் பெயர் பொறிப்பதும் விளம்பரமும் வேறு வேறு என்று மத்திய மறைமுக வரிகள் வாரியம் 2019 அக்டோபரில் சுற்றறிக்கை விட்டது. யோகா நிறுவனத்துக்கு ஒருவர் அளித்த டிஜிட்டல் கரும்பலகையின் அடியில் அவர் பெயர் இருப்பதையே அதில் உதாரணமாகச் சொல்கிறார்கள். கடையின் பெயரும் சரக்கின் பெயரும் போட்டு வியாபாரம் பிடிக்கும் பலகை என்றால் வரி உண்டு.

வெளிநாட்டில் இருக்கும் பழைய மாணவர்கள் அனுப்பலாமா?

கவனமாக இருக்க வேண்டிய இடம் இது. இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் துபாயிலோ சிங்கப்பூரிலோ இருந்து தன் சொந்தச் சேமிப்பை வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நிதி ஆகாது. பாஸ்போர்ட் நகல் ஒன்றை வாங்கிக் கோப்பில் வையுங்கள். அதே நண்பர் அமெரிக்கக் குடியுரிமை பெற்று ஓ.சி.ஐ. அட்டையோடு ஊருக்கு வந்து, இந்திய வங்கிக் கணக்கிலிருந்து ரூபாயாகக் கொடுத்தாலும் அது வெளிநாட்டு நிதிதான். வெளிநாட்டு நிதி ஒழுங்குமுறைச் சட்டப்படி (எஃப்.சி.ஆர்.ஏ.) பதிவோ முன் அனுமதியோ இல்லாத பள்ளி அதைத் தொடக் கூடாது. 2020 திருத்தத்துக்குப் பிறகு இந்தப் பணம் டெல்லியில் உள்ள ஸ்டேட் வங்கியின் குறிப்பிட்ட கிளைக் கணக்குக்கே முதலில் வர வேண்டும், நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, வேறு அமைப்புக்கு மாற்றித் தரவும் முடியாது. ரீயூனியன் உற்சாகத்தில் செட்டின் கூட்டுக் கணக்கில் எல்லார் பணத்தையும் கலந்து அனுப்பிவிட்டுப் பின்னால் பள்ளியை விளக்கம் எழுத வைக்காதீர்கள்.

கம்பெனிகளின் சிஎஸ்ஆர் நிதி கிடைக்குமா?

கிடைக்கும். 2013 கம்பெனிகள் சட்டப்படி குறிப்பிட்ட அளவுக்கு மேல் லாபமோ விற்றுமுதலோ சொத்து மதிப்போ உள்ள நிறுவனங்கள், முந்தைய மூன்று ஆண்டுச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். கல்வி அந்தப் பட்டியலில் இருக்கிறது. பள்ளி நடத்தும் அறக்கட்டளை சிஎஸ்ஆர்-1 படிவத்தில் பதிந்திருக்க வேண்டும். தணிக்கை அறிக்கை இல்லாமல் போனால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

கொடுப்பவர் நிபந்தனை போடலாமா?

போடலாம். 1930இல் எட்வர்டு ஹார்க்னஸ் என்ற செல்வர் அமெரிக்காவின் பிலிப்ஸ் எக்ஸெட்டர் பள்ளிக்கு 58 லட்சம் டாலர் கொடுத்தார். பாடம் நடத்தும் முறையையே மாற்ற வேண்டும் என்பது அவர் விருப்பம். பன்னிரண்டு பேர் அளவில் மாணவர்கள் ஒரு நீள்வட்ட மேசையைச் சுற்றி ஆசிரியரோடு அமர்ந்து பேசிப் படிக்கும் முறை அங்கே அப்படித்தான் வந்தது. 'என் தங்கை பிள்ளைக்கு சீட்', 'என் ஆளுக்கு வேலை' என்ற நிபந்தனைகளைப் பள்ளி ஏற்கவே கூடாது.

உயில் எழுதி வைக்கலாமா?

தாராளமாக. ஆனால் தெளிவாக எழுதுங்கள். பச்சையப்ப முதலியார் 1794இல் இறந்தார். அவர் தருமத்துக்கு விட்டுச்சென்ற பணம் வழக்குகளில் சிக்கியது. நீதிமன்றம் தலையிட்டு மீட்ட நிதியில் சென்னையில் பள்ளி திறந்தபோது ஆண்டு 1842. பள்ளியை நடத்தும் அறக்கட்டளையின் பதிவுப் பெயர், தொகை அல்லது சொத்தின் விவரம், எந்தச் செலவுக்கு, அந்தப் பள்ளி மூடப்பட்டால் பணம் யாருக்கு ஆகியவற்றை உயிலில் எழுதுங்கள். இரண்டு சாட்சிகள் சட்டப்படி கட்டாயம், பதிவு கட்டாயமில்லை என்றாலும் செய்துவிடுவது நல்லது. ஒரு நகலை இப்போதே பள்ளி அலுவலகத்திலும் கொடுத்துவையுங்கள்.