மனையியலும் கடலோரப் பிள்ளைகளின் பணிப்பாதையும்

மனையியல் என்றதும் சமையலையும் தையலையும் மட்டுமே நினைப்பது தமிழகத்தில் நெடுநாளைய பழக்கமாக இருந்தாலும், உணவும் ஊட்டச்சத்தும், மனித வளர்ச்சி, குடும்ப வள மேலாண்மை, துணியும் ஆடையும், விரிவாக்கக் கல்வி என ஐந்து கிளைகளைக் கொண்ட அந்தப் பாடம், வேதியியலும் உயிரியலும் பொருளியலும் உளவியலும் கண்டறிந்தவற்றை அன்றாட வாழ்வுக்குப் பயன்படுத்தும் ஓர் அறிவியல் துறையாகும். மேல்நிலை வகுப்புகளில் இப்பாடத்தை எப்படி அமைப்பது என்பதும், அதைப் படித்தவர் எந்தெந்தப் பட்டங்களுக்கு, எந்தெந்த வேலைகளுக்குச் செல்லலாம் என்பதைப் படிப்படியாகக் காட்டும் பணிப்பாதையை எப்படி வகுப்பது என்பதும், செங்கல்பட்டு மாவட்டத்தில் கோவளம் முதல் மாமல்லபுரம் வழியாகச் சதுரங்கப்பட்டினம் வரை நீளும் கடற்கரைக்கு மிக நெருக்கமான கேள்விகள்.

இத்துறைக்கு வித்திட்டவர்களுள் முதன்மையானவர், அமெரிக்க வேதியியலாளரான எல்லன் ஸ்வாலோ ரிச்சர்ட்ஸ். குடிநீரையும் உணவுக் கலப்படத்தையும் ஆய்வுக்கூடத்தில் சோதித்த அவரது முயற்சியால் 1899ஆம் ஆண்டு லேக் பிளாசிட் என்னும் ஊரில் தொடங்கிய மாநாடுகளே, 1909இல் மனைப்பொருளியல் சங்கம் உருவாக வழிவகுத்தன. அச்சங்கம் 1994இல் தன் துறையின் பெயரைக் குடும்ப, நுகர்வோர் அறிவியல் என்று மாற்றிக்கொண்டது. இந்தியாவில் 1932இல் தில்லியில் லேடி இர்வின் கல்லூரியும், 1957இல் கோவையில் அவினாசிலிங்கம் மனையியல் கல்லூரியும் தொடங்கப்பட்டன. பெண்களுக்கென்று தனிப் பாடத்திட்டம் தேவையில்லை என்று 1960களிலேயே ஹன்சா மேத்தா குழு வலியுறுத்தியது; அதனை அடுத்து வந்த கோத்தாரி கல்விக்குழுவும் மனையியலைப் பெண்களுக்குக் கட்டாயமாக்காமல் விருப்பப்பாடமாக வைக்கும் கருத்தையே கொண்டிருந்தது. பிற்காலத்தில் தேசியக் கல்வி ஆராய்ச்சி பயிற்சிக் குழுமம் தன் மேல்நிலைப் பாடநூலுக்கு மனிதச் சூழலியலும் குடும்ப அறிவியலும் எனப் பொருள்படும் பெயரைச் சூட்டியதும், இப்பாடம் ஆண், பெண் இருபாலருக்கும் உரியது என்பதை உணர்த்தவே.

தமிழகத்தில் 1978ஆம் ஆண்டு மேல்நிலைக் கல்வி அறிமுகமானதிலிருந்து பொதுக்கல்விப் பிரிவும் தொழிற்கல்விப் பிரிவும் இணையாக நடந்துவருகின்றன. பொதுப் பிரிவில் மனையியல் கோட்பாட்டை முதன்மையாகக் கொண்ட பாடமாக அமைய, தொழிற்கல்விப் பிரிவில் அதன் கிளைகளான உணவக மேலாண்மை, ஆடை வடிவமைப்பு போன்றவை செய்முறைக்குக் கூடுதல் இடம் தரும் பாடங்களாக அமைகின்றன. ஒரு பள்ளி இவற்றுள் எதைத் தேர்ந்தாலும், தன்னைச் சுற்றியுள்ள ஊர்களில் என்னென்ன வேலைகள் நடக்கின்றன என்று கணக்கெடுத்த பிறகு திட்டமிடுவதே முறையாகும்.

மாமல்லபுரம் கடற்கரையில் அக்கணக்கு விடுதிகளிலிருந்து தொடங்கும். கோவளத்தில் 1974ஆம் ஆண்டிலேயே பெரிய கடற்கரை விடுதி ஒன்று திறக்கப்பட்டது; மாமல்லபுரத்துச் சின்னங்கள் 1984இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தன; 2021-22ஆம் ஆண்டில், இந்தியத் தொல்லியல் துறையின் கட்டணச் சின்னங்களுள் வெளிநாட்டுப் பயணிகள் மிகுதியாக வந்த இடமாக மாமல்லபுரமே விளங்கியது. இத்தனை பேருக்கு உணவு சமைப்பதற்கும், ஹவுஸ்கீப்பிங் எனப்படும் அறைப் பராமரிப்புக்கும், வரவேற்புக்கும், கொள்முதல் கணக்குக்கும் பயிற்சி பெற்றவர்கள் தேவைப்படுகிறார்கள்; இவை அனைத்தும் மனையியல் பாடத்துக்குள் அடங்குபவை.

மீனவக் குப்பங்களோ இப்பாடத்துக்கு இதைவிட வளமான ஆய்வுக்கூடமாக அமையக்கூடியவை. பிடித்த மீனின் எடைக்குச் சமமான எடையில் ஐஸ் சேர்க்க வேண்டும் என்ற விதியையும், உணவில் நுண்ணுயிர்கள் வேகமாகப் பெருகும் 5 முதல் 60 டிகிரி செல்சியஸ் வரையிலான வெப்பநிலை இடைவெளியையும் ஒரு மாணவி தன் தாயின் மீன்கூடையைக் கொண்டே புரிந்துகொள்ள முடியும். மணலில் காயும் கருவாட்டுக்கும், உயரமான தட்டிகளில் உப்பளவும் ஈரப்பதமும் பார்த்து உலர்த்திய கருவாட்டுக்கும் தரத்திலும் விலையிலும் ஏற்படும் வேறுபாடு உணவுப் பாதுகாப்பையும் சிறுதொழில் கணக்கையும் சேர்த்துக் கற்பிக்கும். முள்ளோடு உண்ணப்படும் நெத்திலி சுண்ணாம்புச்சத்து மிகுந்தது என்பதை அறிந்த பிள்ளை, ஊட்டச்சத்துப் பாடத்தைத் தன் வீட்டு அடுப்பிலிருந்தே தொடங்கிவிடுகிறது.

வள மேலாண்மை என்பது பணம், நேரம், உழைப்பு ஆகியவற்றைத் தேவைக்கேற்பப் பகிர்ந்து பயன்படுத்தும் திறன் ஆகும். மாதச் சம்பளத்தை மனத்தில் கொண்டு வகுக்கப்படும் வரவு செலவுத் திட்டம், மீன்பாடு மிகுந்த நாளில் கைநிறையக் காசும் கடல் கொந்தளிக்கும் வாரங்களில் வெறுங்கையும் காணும் குடும்பத்துக்குப் பொருந்தாது. 2022 டிசம்பரில் மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகே கரையைக் கடந்ததைப் போன்ற நாட்களில் வருமானத்தோடு படகும் வலையுமே போய்விடக்கூடும். ஆகவே இப்பள்ளிகளில் ஆண்டு முழுவதற்குமான திட்டம், இடர்க்காலச் சேமிப்பு, காப்பீடு, கடன் கணக்கு ஆகியவை முதன்மை பெற வேண்டும். அஞ்சு வட்டி என்று எளிதாகச் சொல்லப்படும் கடன், நூற்றுக்கு மாதம் 5 ரூபாய் வீதம் ஆண்டுக்கு 60 விழுக்காடாகிறது என்பதைத் தானே கணக்கிட்டுப் பார்க்கும் மாணவன், அந்த ஒரு பாடவேளையில் தன் குடும்பத்தையே காக்கும் அறிவைப் பெறுகிறான். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும், குறையுள்ள பொருளுக்கோ சேவைக்கோ மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் முறையிடும் வழியும் இதன் தொடர்ச்சியாகவே கற்பிக்கத்தக்கவை.

மனித வளர்ச்சி என்னும் கிளைக்கு அங்கன்வாடிகள் ஊர்தோறும் உள்ள களங்களாகும். முட்டுக்காட்டில் 2005 முதல் இயங்கும் பல்வகைக் குறைபாடு உடையோருக்கான தேசிய நிறுவனம், சிறப்புக் கல்வி, தொடக்கநிலைத் தலையீடு போன்ற துறைகளில் படிப்புகளை நடத்துகிறது. தொடக்கநிலைத் தலையீடு என்பது குழந்தையின் வளர்ச்சித் தடையைச் சிறுவயதிலேயே கண்டு பயிற்சி அளிப்பதாகும். இத்தகைய நிறுவனம் அருகிலேயே இருப்பதை மேல்நிலை மாணவர்கள் ஒருமுறையேனும் நேரில் சென்று அறிய வேண்டும்.

இனி, பாதையின் அடுத்த படிகளைக் காட்ட வேண்டும். தரமணியில் உள்ள ஹோட்டல் மேலாண்மை நிறுவனத்தின் பட்டப்படிப்புக்குத் தேசிய நுழைவுத்தேர்வு உண்டு. அதற்குப் பிளஸ் டூவில் ஆங்கிலம் ஒரு பாடமாக இருந்தால் எந்தப் பிரிவினரும் விண்ணப்பிக்கலாம். ஊட்டச்சத்துப் பட்டப்படிப்பு அவ்வாறன்று. பல கல்லூரிகள் உயிரியல், வேதியியல் போன்ற பாடங்களை எதிர்பார்க்கின்றன, 2021ஆம் ஆண்டின் துணை மருத்துவத் தொழில்களுக்கான சட்டமும் உணவியல் வல்லுநரை முறைப்படுத்தப்பட்ட தொழிலினருள் சேர்த்துள்ளது. மருத்துவமனையில் உணவியல் வல்லுநராக விரும்பும் மாணவி, அதை அறியாமல் வேறொரு பிரிவில் சேர்ந்துவிட்டால், இரண்டு ஆண்டுகள் கழித்தே தன் முன்னால் கதவு அடைபட்டிருப்பதைக் காண்பாள். பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்தபின் சில நாட்களுக்குள் பிரிவைத் தேர்ந்தெடுக்க நேர்வதால், எந்தப் பிரிவு எந்தக் கதவைத் திறக்கும், எதை மூடும் என்ற விளக்கம் ஒன்பதாம் வகுப்பிலேயே பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் கிடைத்தாக வேண்டும்.

இப்பாடத்தில் ஆண் மாணவர்களுக்கும் சம இடம் வேண்டும் என்பதற்குக் கடற்கரை வாழ்க்கையே சான்றாகும். விடுதிச் சமையலறைகளில் ஆண்கள் சம்பளத்துக்குச் சமைக்கிறார்கள். மீனுக்கு விலை பேசி, விற்று, வட்டி கட்டிக் குடும்பத்தின் பணத்தை ஆள்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். அடுக்களை பெண்ணுக்கு, கணக்கு ஆணுக்கு என்ற பிரிவினை இக்கரையின் உழைப்பில் நிலைபெறவில்லை. அவ்வாறிருக்க, பள்ளியின் பாடத்தேர்வில் மட்டும் அது நீடிப்பது முறையன்று. வீட்டையும் வேலையையும் ஒருங்கே கற்பிக்கும் இப்பாடம் இருபாலருக்கும் திறந்திருக்கும்போதுதான், அது தன் அறிவியல் என்னும் பெயருக்கு முழுத் தகுதி பெறும்.