ஆச்சியின் கீழாநெல்லியும் ஆராய்ச்சிக் கூடமும்

காரைக்குடியில் தெரிந்தவர் ஒருவரின் வீட்டுக்குப் போயிருந்தேன். முகப்பைத் தாண்டி வளவுக்குள் நுழைந்ததும் பச்சிலை வாசனை குப்பென்று வந்தது. அந்த வீட்டு ஆச்சி அம்மியில் எதையோ மும்முரமாக அரைத்துக் கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு செம்பு நிறைய மோர்.

"கீழாநெல்லிதானே, ஆச்சி? வீட்டில் யாருக்குக் காமாலை?" என்று கேட்டேன்.

"காமாலை ஒண்ணும் இல்லை, தம்பி. மகள் முழுகாம இருக்கா. ஏழாம் மாசம். ரத்தம் சோதிச்ச இடத்திலே ஈரலைப் பிடிக்கிற 'பி' கிருமி இருக்குன்னு எழுதிக் கொடுத்திருக்காக. டாக்டரம்மா மாத்திரை, ஊசின்னு என்னென்னமோ சொல்றாக. எங்க ஆயா காலத்திலேருந்து ஈரலுக்கு இந்த இலைதானே மருந்து? இதுக்கு மிஞ்சி என்ன இருக்கு?"

மகள் சற்றுத் தள்ளித் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அவளருகில் ஒரு தட்டும் டம்ளரும் தனியாக வைக்கப்பட்டிருந்தன. அவை அவளுக்கென்று ஒதுக்கப்பட்டவை என்பது பார்த்த மாத்திரத்திலேயே விளங்கிற்று. ஆச்சியின் கேள்விக்கு அரைகுறையாகப் பதில் சொல்லிவிட்டு நழுவக் கூடாது என்று அப்போதுதான் தீர்மானித்தேன்.

மஞ்சள் காமாலை என்பது தனி வியாதி அல்ல, ஓர் அடையாளம். ஈரலுக்குக் கோளாறு வந்தால் பித்தத்தின் மஞ்சள் நிறப் பொருள் ரத்தத்தில் தேங்கிக் கண்ணிலும் தோலிலும் தெரிகிறது. ஈரலைத் தாக்கும் வைரஸ் கிருமிகளில் முக்கியமானவை ஐந்து. அவற்றுக்கு ஏ, பி, சி, டி, ஈ என்று பெயர். 'ஏ'யும் 'ஈ'யும் பெரும்பாலும் அசுத்தமான தண்ணீராலும் உணவாலும் வருபவை. 'ஏ' வகைக் காமாலை அநேகமாகச் சில வாரங்களில் தானாகவே இறங்கிவிடும். அந்த நாட்களில் யார் எதைக் கொடுத்தாலும் பெயர் அதற்குத்தான்! காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான். 'ஈ' வகை மட்டும் கர்ப்பிணிகளிடம் மிகக் கடுமையாக நடந்துகொள்ளும். ஆகையால் அவர்களுக்குக் காமாலை கண்டால் ஒரு நாள்கூடத் தாமதிக்கலாகாது.

'பி' கிருமியின் சுபாவமே வேறு. அது ரத்தத்தின் மூலமும், தாம்பத்திய உறவாலும், பிரசவத்தின்போது தாயிடமிருந்து குழந்தைக்கும் பரவுகிறது. பிறந்தவுடன் தொற்றினால் 100 குழந்தைகளில் சுமார் 90 பேரிடம் ஆயுள் முழுதும் தங்கிவிடக்கூடும். பெரியவர்களானால் 5 பேருக்கும் குறைவே. காமாலை காட்டாமல், வலி காட்டாமல் பல வருஷம் சத்தமின்றிக் குடியிருந்து, பிறகு ஈரல் சுருக்கத்திலோ புற்றுநோயிலோ கொண்டுபோய் விடுவதும் உண்டு.

இந்தக் கிருமியின் தடயத்தை முதலில் கண்டவர் பரூக் புளூம்பர்க் என்ற அமெரிக்க விஞ்ஞானி. 1960-களின் தொடக்கத்தில், ஆஸ்திரேலியப் பழங்குடி மனிதர் ஒருவரின் ரத்தத்தில் விசித்திரமான ஒரு புரதத்தை அவரும் அவருடைய சகாக்களும் கண்டார்கள். அது 'பி' கிருமியின் மேலுறை என்பது பிற்பாடு தெரியவந்தது. அதைக் கொண்டே தடுப்பு மருந்துக்கும் வழி பிறந்தது. 1976-ல் புளூம்பர்க்குக்கு நோபல் பரிசு கிடைத்தது.

அத்தனை பெரிய விஞ்ஞானியின் கவனம் ஆச்சியின் அம்மிக்கும் திரும்பியது என்றால் நம்புவீர்களா? ஆம், கீழாநெல்லியின் மேல் திரும்பியது! சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டாக்டர் எஸ். பி. தியாகராஜன், புளூம்பர்க் முதலியோருடன் சேர்ந்து அந்தச் செடியைப் பரீட்சித்தார். 'பி' கிருமி தங்கியிருந்தவர்களில் ஒரு சாராருக்குக் கீழாநெல்லிப் பொடியும், மற்றொரு சாராருக்கு மருந்தில்லாத வெறும் பொடியும் 30 நாள் கொடுத்தார்கள். 1988-ல் 'லான்செட்' என்ற பிரபல மருத்துவப் பத்திரிகையில் முடிவு வெளியாயிற்று. கீழாநெல்லி சாப்பிட்ட 37 பேரில் 22 பேரின் ரத்தத்தில் கிருமியின் மேலுறை மறைந்துவிட்டது. வெறும் பொடி சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்குத்தான் அப்படி ஆயிற்று.

"பார்த்தீகளா! நான் சொன்னதுதானே!" என்றார் ஆச்சி.

"பொறுங்கள், ஆச்சி. கதை இன்னும் முடியவில்லை" என்றேன்.

விஞ்ஞானத்தில் ஒரு தடவை பலித்தது போதாது. வேறு இடத்தில், வேறு கைகளிலும் பலிக்க வேண்டும். தாய்லாந்தில் செய்து பார்த்தார்கள்; 1990-ல் அதே 'லான்செட்' பத்திரிகையில் பலன் இல்லை என்ற செய்தி வந்தது. நியூஸிலாந்திலும் கைகொடுக்கவில்லை. பல நாட்டுப் பரிசோதனைகளையும் ஒன்றுசேர்த்து 2011-ல் சீர்தூக்கிப் பார்த்தவர்கள், இந்தச் செடி 'பி' கிருமியைப் போக்கும் என்பதற்கு நம்பத்தக்க சான்று இல்லை என்றார்கள். பாட்டி சொன்னதை அலட்சியம் செய்யாமல் சோதித்ததும் விஞ்ஞானம்; சோதனையில் நிற்காததை நிற்கவில்லை என்று ஒப்புக்கொண்டதும் விஞ்ஞானம்.

"அப்போ என் மகளுக்கு என்ன வழி?" ஆச்சியின் குரல் தழுதழுத்தது.

வழி இருக்கிறது, நல்ல வழியாகவே இருக்கிறது. தாயின் ரத்தத்தில் கிருமி எவ்வளவு என்று டாக்டர்கள் அளந்து பார்ப்பார்கள். அதிகமாக இருந்தால் கடைசி மாதங்களில் டெனோஃபோவிர் என்ற மாத்திரை கொடுப்பார்கள். குழந்தை பிறந்த 24 மணி நேரத்துக்குள் முதல் தடுப்பூசி போட்டாக வேண்டும். கிருமியை உடனே எதிர்க்க இம்யூனோகுளோபுலின் என்ற மற்றோர் ஊசியும் உண்டு. பிறகு 6, 10, 14-ஆம் வாரங்களில் போடும் ஐந்து நோய்த் தடுப்பூசியில் இதற்கான மருந்தும் அடக்கம். தமிழ்நாட்டில் 2011-ஆம் ஆண்டு டிசம்பரிலேயே அது வந்துவிட்டது. இவற்றைத் தவறாமல் செய்தால் பெரும்பாலான குழந்தைகள் தப்பிவிடுகின்றன. தாய்ப்பாலும் தாராளமாகக் கொடுக்கலாம்.

தாய்க்கு மருந்து தொடர்ந்து வேண்டுமா என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். இன்றைய மாத்திரைகள் கிருமியை அடியோடு ஒழிப்பது அபூர்வம். ஆனால் அடக்கி வைக்கும். கீழாநெல்லியானாலும் வேறு எந்தப் பச்சிலையானாலும் டாக்டருக்குத் தெரியாமல் கொடுக்காதீர்கள். சில மூலிகைகள் ஈரலையே புண்படுத்துவதுண்டு. வீட்டில் மற்றவர்களும் ரத்தம் சோதித்துக்கொண்டு, தேவையானவர்கள் ஊசி போட்டுக்கொள்வது நல்லது. சவர பிளேடு, பல் துலக்கும் பிரஷ் இவற்றைப் பொதுவில் வைக்க வேண்டாம். காது குத்தும் ஊசி, எந்தக் குழந்தைக்கானாலும், புதியதாக இருக்கட்டும்.

"ஆனால் ஒன்று, ஆச்சி. சேர்ந்து சாப்பிடுவதால் இது பரவாது. ஒரே தட்டு, ஒரே டம்ளர் ஆனாலும் பரவாது" என்றேன்.

ஆச்சி சற்று நேரம் பேசவில்லை. பிறகு எழுந்தார். மகளருகில் இருந்த தட்டையும் டம்ளரையும் எடுத்துக்கொண்டு போய், அடுக்களை அலமாரியில் மற்றத் தட்டுகளோடு சேர்த்து அடுக்கினார். மகள் தலையைக் குனிந்துகொண்டாள். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டதை நான் பார்க்காதது போல் இருந்துவிட்டேன்.

"ஏன் தம்பி, பிறந்த அன்னிக்கே ஊசி போடணும்னா, அந்த ரெண்டு ஊசியும் தயாரா இருக்கிற ஆஸ்பத்திரியா இப்பவே பார்த்து வைக்கணுமில்லே?" என்று கேட்டார் ஆச்சி.

இதைவிடப் புத்திசாலித்தனமான கேள்வியை எந்த டாக்டரும் கேட்டுவிட முடியாது!

அரைத்த கீழாநெல்லி அம்மியிலேயே கிடந்தது. மோர் என்னவாயிற்று என்கிறீர்களா? சிட்டிகை உப்பும் கறிவேப்பிலையும் சேர்ந்து என் கைக்கு வந்தது. செட்டிநாட்டு வெயிலுக்கு அது கைகண்ட மருந்து என்பதை எந்தப் பரிசோதனையும் இல்லாமலே ஒப்புக்கொள்கிறேன்.